பாட்டியின் காசு மாலை: உருக்கும் முன்

ராஜா தலை போட்ட காசு மாலையைக் கடைக்காரர் உருக்கி ஆரமாக்கச் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள், சகோதரி.

முதலில் லென்ஸ் வைத்துக் காசின் பின்பக்கத்தைப் பாருங்கள். குதிரை வீரன் டிராகனை வதைக்கும் உருவமும் கீழே வருடமும் இருந்தால், அது பிரிட்டிஷ் சவரன் என்ற தங்க நாணயமாக இருக்கலாம். முழுக்காசு 7.98 கிராம், 22 காரட். அரைக்காசு அதில் பாதி. கோத்த வளையத்தால் எடை கொஞ்சம் கூடும். 1918 என்றிருந்தால், வருடத்துக்கு மேலே தரைக்கோட்டின் நடுவில் சின்னதாக ஆங்கில 'ஐ' எழுத்து தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பம்பாயில் அச்சடித்தது. எடை ரொம்பக் குறைவென்றால் தகட்டில் அச்சடித்த காசு. அதுவும் தங்கமாக இருக்கலாம், ஹால்மார்க் மையத்தில் சோதித்துவிடுங்கள்.

வளையம் பற்றவைத்த காசுக்குச் சேகரிப்பாளர்கள் குறைவாகத்தான் தருவார்கள். இருந்தாலும் உருக்கினால் சேதாரம், செய்கூலி என்று உங்களுக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் இன்னொன்று. வங்கிக் கணக்கு இல்லாத காலத்தில் பெண்களுக்கு இதுதான் சேமிப்பு. கஷ்டம் வந்தால் ஒரு காசைக் கழற்றி விற்கலாம், மாலை மாலையாகவே இருக்கும். உங்கள் மாலையில் எங்காவது காசு இல்லாமல் வெறும் வளையம் இருந்தால், அந்தக் காசு எதற்குப் போனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

நூலோ கம்பியோ தேய்ந்திருந்தால் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து மறுபடி கோத்து வாங்குங்கள்.