சில்வராடோவுக்கு எந்த ஸ்டால்? டெக்சாஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: டாலஸ் பக்கம் வேலைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. 2005 சில்வராடோ 1500 ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், 5.3 லிட்டர் வி8, 4எல்60ஈ கியர்பாக்ஸ். கொஞ்சம் பெரிய கேம்ஷாஃப்ட் (இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) போடப் போகிறீர்கள். அலுவலகத்தில் வண்டிப் பைத்தியம் பிடித்த நண்பர் 3,600 ஸ்டால் உள்ள டார்க் கன்வெர்ட்டரை (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) வாங்கச் சொல்கிறார். தினமும் வேலைக்குப் போவதும் அதே வண்டியில்தான். வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் தேவைக்கு 2,600 முதல் 2,800 வரை போதும். நண்பர் சொல்வது தவறு என்றில்லை. அவர் ஓட்டும் வண்டி வேறு, நீங்கள் ஓட்டப்போகும் வண்டி வேறு.

கன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதில் எண்ணெய். இன்ஜின் பக்கம் இருப்பது பம்ப், கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது டர்பைன். இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்று ஒன்று உட்கார்ந்து, திரும்பி வரும் எண்ணெயைப் பம்ப் சுற்றும் திசைக்கே திருப்பிவிடுகிறது. வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சக்கரத்துக்குப் போவது இந்த ஸ்டேட்டரால்தான். டர்பைன் அசையாமல் நிற்கும்போது இன்ஜின் அதிகபட்சம் எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரை ஏற முடியுமோ, அதுதான் ஸ்டால்.

இதில் ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பெட்டியில் அச்சிட்ட ஸ்டால் எண் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமில்லை, இன்ஜினையும் பொறுத்தது. அதே கன்வெர்ட்டர் வலுவான இன்ஜினுக்குப் பின்னால் 3,000 காட்டும், சாதுவான இன்ஜினுக்குப் பின்னால் 2,600கூட வராது. அதனால் இன்னொருவர் வண்டியில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதில் பயனில்லை.

கேம் மாற்றினால் கன்வெர்ட்டரும் ஏன் மாற வேண்டும்? பெரிய கேம் இன்ஜினின் பலத்தை மேல் ஆர்பிஎம்முக்குத் தள்ளிவிடும். கீழே சோம்பலாக இருக்கும். கம்பெனி கன்வெர்ட்டரின் ஸ்டால் சுமார் 1,600 - 1,800. பச்சை விளக்கு விழுந்து மிதித்தால் இன்ஜின் பலம் வராத இடத்திலேயே முக்கிக்கொண்டிருக்கும். சிவப்பு விளக்கில் டிரைவ் கியரில் நிற்கும்போது இறுக்கமான, அதாவது ஸ்டால் குறைந்த, கன்வெர்ட்டர் ஐட்லிங்கை அமுக்குவதால் வண்டி குலுங்கும், சில நேரம் அணைந்தே போகும். கொஞ்சம் தளர்வான கன்வெர்ட்டர் இரண்டையும் சரிசெய்துவிடும். கேம் எந்த ஆர்பிஎம்மில் விழிக்கத் தொடங்குகிறதோ, அதைச் சற்றே தாண்டி ஸ்டால் இருந்தால் போதும். தெருவில் ஓட்டத் தகுந்த மிதமான கேமுக்கு அது 2,800க்கு மேல் போகத் தேவையில்லை.

அதற்கு மேல் போனால் என்ன ஆகும்? சூடு. உங்கள் வண்டி ஏறக்குறைய 5,000 பவுண்டு. தளர்ந்த கன்வெர்ட்டரில் வழுக்கும் சக்தி முழுவதும் எண்ணெயில் வெப்பமாக இறங்கும். ஆகஸ்டில் வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் கொளுத்தும்போது, 635 நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் ஏசியைப் போட்டு ஊர்ந்து பாருங்கள், புரியும். கியர்பாக்ஸ் எண்ணெய் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 220ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 250 பக்கம் போனால் எண்ணெயும் கிளட்ச் தகடுகளும் வேகமாகக் கெடும். 4எல்60ஈயில் 3-4 கிளட்ச் (மூன்றாம், நான்காம் கியர்களைப் பிடிப்பது) ஏற்கெனவே பலவீனமான இடம். ஆகவே கன்வெர்ட்டர் வாங்கும் முன் தனி ஆயில் கூலருக்கும் வெப்பமானிக்கும் பணம் ஒதுக்குங்கள். படகோ டிரெய்லரோ இழுக்கும் எண்ணம் இருந்தால் 2,400க்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

நெடுஞ்சாலையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2,800 ஸ்டால் என்றால் 2,800 வரை மிதித்தால்தான் வண்டி நகரும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மெதுவாக மிதித்தால் மெதுவாகவே நகரும், ஆர்பிஎம் மட்டும் முன்பைவிடச் சில நூறு கூடத் தெரியும். வேகம் பிடித்ததும் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பிடித்துக்கொள்ளும், வழுக்கலே இருக்காது. கணக்குப் போட்டே பார்க்கலாம்: 31 அங்குல டயர், 3.73 பின் கியர் (பின் அச்சின் கியர் விகிதம், ரிவர்ஸ் அல்ல), ஓவர்டிரைவ் (கடைசி கியர்) 0.70 என்றால், 70 மைலில் லாக் ஆன நிலையில் சுமார் 1,980 ஆர்பிஎம். பின் கியர் 3.42 என்றால் சுமார் 1,820. உங்களுடையது எது என்று க்ளவ் பாக்ஸ் ஸ்டிக்கரில் பாருங்கள். ஜியு6 என்றிருந்தால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. லாக்-அப் இல்லாத கன்வெர்ட்டரை யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். கேமுக்காக இன்ஜின் கம்ப்யூட்டரை ட்யூன் செய்பவரிடம் லாக்-அப் எந்த வேகத்தில் பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதையும் புதுக் கன்வெர்ட்டருக்கு ஏற்ப மாற்றச் சொல்லுங்கள்.

இனி வாங்கும் விதம். நல்ல கன்வெர்ட்டர் செய்பவர்கள் வண்டியின் எடை, டயர் உயரம், பின் கியர், கேமின் அளவுகள், என்ன வேலைக்கு ஓட்டுகிறீர்கள் என்றெல்லாம் கேட்டு, அதற்கேற்றாற்போல் செய்து தருவார்கள். உண்மையைச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை ரேஸ் டிராக், மீதி நாளெல்லாம் அலுவலகம் என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள். இங்கே புதிதாக வந்த நம் பிள்ளைகள் தொலைபேசியில் பேசத் தயங்கி, இணையத்தில் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். உச்சரிப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, தம்பி. வண்டி என்று பேச்செடுத்தால் இந்த ஊர் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் பேசுவார்கள். கேமோடு வரும் அளவுச் சீட்டான கேம் கார்டைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள்.

மாட்டும் வேலையை அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலான குத்தகை ஒப்பந்தங்களில் அங்கே வண்டி பழுதுபார்க்கத் தடை இருக்கும். டிரான்ஸ்மிஷன் கடையில் கொடுங்கள். கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் பம்ப்பில் முழுதாக உட்கார்ந்ததா, ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (இன்ஜினோடு சுற்றும் தட்டு) அதற்கும் நடுவே சுமார் 1/8 முதல் 3/16 அங்குலம் வரை இடைவெளி இருக்கிறதா என்று கேளுங்கள். சரியாக உட்காராததைப் போல்ட் போட்டு இழுத்து மாட்டினால் பம்ப் உடையும். பழைய கூலர் குழாய்களைக் கழுவச் சொல்வதும் முக்கியம். எண்ணெய் ஏற்கெனவே கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கன்வெர்ட்டரை ஒத்திவைத்துவிட்டு முதலில் கியர்பாக்ஸைப் பிரியுங்கள்.

சட்டம் பற்றியும் கொஞ்சம். 2025 ஜனவரி 1 முதல் டெக்சாஸில் சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை இல்லை. ஆனால் டாலஸ், காலின், டென்டன், டாரன்ட் உள்ளிட்ட கவுண்ட்டிகளில் புகைச் சோதனை இன்னும் இருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (இது வேறு, புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்வது) கழற்றலாம் என்று ட்யூன் செய்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது மத்திய அரசின் சட்டத்துக்கே விரோதம். ட்யூன் ஏற்றியதும் நேரே சோதனைக்கும் போகாதீர்கள். கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடிக்கச் சில நாள் சாதாரணமாக ஓட்ட வேண்டும்.

விசாவில் இருப்பதால் இன்னொன்று. பொதுச் சாலையில் ரேஸ் விடுவது டெக்சாஸில் வெறும் அபராதத்தோடு போகாது, அது குற்றவழக்கு. விசா விண்ணப்பமான டிஎஸ்-160இல் எப்போதாவது கைதானதுண்டா என்று கேட்கிறார்கள். விடுதலை ஆனாலும் அதற்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். வண்டியின் வேகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் டாலஸுக்குத் தெற்கே எனிஸில் டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸ் இருக்கிறது. ஹெல்மெட் எடுத்துக்கொண்டு போங்கள். அப்புறம், உங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு நண்பர்கள் தங்கள் வண்டியையும் செய்து தரச் சொல்வார்கள். எச்1பியில் இருக்கும்போது அதற்குக் காசு வாங்காதீர்கள், அது அனுமதியில்லாத வேலை.

பின் கியர் கோடு, டயர் அளவு, கேம் கார்டு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். 2,600ஆ 2,800ஆ என்று பார்த்துச் சொல்கிறேன்.