குவில்ட் தைக்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி இதுதான்: பிளவுஸ், நைட்டி அளவுக்குத் தையல் தெரியும், வீட்டில் சாதாரணத் தையல் மெஷின் இருக்கிறது. குவில்ட் கற்றுக்கொள்ள முதலில் எதைத் தைக்க வேண்டும்?

ஒரு குழந்தைப் போர்வையைத் தையுங்கள். முடித்த அளவு 33 இஞ்ச் அகலம், 42 இஞ்ச் நீளம். இரண்டே நிறத்தில் சதுரங்கள், சுற்றிலும் ஒரு பார்டர், அவ்வளவுதான். குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பேட்டிங் எனும் மெத்தென்ற அடுக்கு, அடியில் ஒற்றைத் துணி. இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்க ஊடே ஓடும் தையல், கடைசியில் விளிம்பைச் சுற்றிப் பட்டி. இத்தனை வேலையும் ஒருமுறை கையில் படிந்தால்தான் குவில்ட் தெரியும் என்று சொல்ல முடியும். முதலிலேயே டபுள் காட் அளவுக்குப் போனால் மேல்துணியோடு வேலை நின்றுவிடும், மூட்டையாக அலமாரிக்குப் போய்விடும்.

மெஷினைப் பற்றிக் கவலையே வேண்டாம். நேர்த்தையல் மட்டும் போடும் பழைய கால் மெஷின் இதற்கு மிகப் பொருத்தம். ஊசியை மட்டும் புதிதாக மாற்றுங்கள்: துண்டுகளை இணைக்க 14 நம்பர், மூன்று அடுக்கைத் தைக்க 16 நம்பர். இணைக்கும்போது தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர், அதாவது இஞ்சுக்குப் பத்துத் தையல்.

துணி முழுப் பருத்தியாக இருக்கட்டும். பாப்ளினும் கேம்ப்ரிக்கும் நல்லது. டெரிகாட்டன் வேண்டாம், அதில் மடிப்பு நிற்காது. கடையிலேயே ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், கோடு பதிந்து நின்றால் வாங்கலாம். அடர் நிறம் 75 சென்டிமீட்டர், வெளிர் நிறம் 75 சென்டிமீட்டர். பார்டருக்கும் விளிம்புப் பட்டிக்கும் சேர்த்து 44 இஞ்ச் அகலத் துணி 80 சென்டிமீட்டர், அடித்துணிக்கு அதே அகலத்தில் ஒன்றரை மீட்டர். நிறம் சரியாகப் பிரிகிறதா என்று சந்தேகமாக இருந்தால் இரண்டு துணியையும் பக்கத்தில் வைத்து போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் தைத்த பிறகு கட்டம் எடுபடாது.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் நனைத்துக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள். சிவப்பு, கருநீலம், சுங்குடி, அச்சுத் துணி எதுவானாலும் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் ஒட்டாத வரைக்கும் அலசுங்கள். முதல் சலவையில் வெளிர் சதுரமெல்லாம் ரோஸ் ஆகிவிட்டால் அதற்கு மாற்று வழி இல்லை.

பேட்டிங் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். தலையணைக்கு அடைக்கும் பஞ்சையோ இலவம்பஞ்சையோ பரப்பித் தைத்தால் துவைத்ததும் ஒரு மூலையில் திரண்டுவிடும். ஷீட்டாக வரும் பேட்டிங்தான் வேண்டும். பாலியஸ்டர் ஷீட் வாங்கினால் மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள், சூடான அயர்ன் பாக்ஸை அதன்மேல் வைத்தால் உருகும். சென்னை, மதுரை வெயிலுக்கு நடுவில் ஒரு காட்டன் ஃபிளானல் துணியே போதும். முதல் முறை தைப்பவருக்கு அதுதான் எளிதும்கூட, நகராமல் அடங்கி இருக்கும். எதுவானாலும் 37க்கு 46 இஞ்ச் இருக்க வேண்டும்.

இனி வெட்டு. ஒவ்வொரு சதுரமும் தைத்து முடித்த பின் 3 இஞ்ச். இரு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குப் போவதால் வெட்டும் அளவு மூன்றரை. சதுரம் சதுரமாக 108 துண்டு வெட்ட வேண்டியதில்லை, பட்டையாக வெட்டித் தைத்துவிட்டுக் குறுக்கே நறுக்கினால் போதும். அடர் துணியில் மூன்றரை இஞ்ச் அகலத்தில் ஆறு பட்டை, வெளிர் துணியில் ஆறு பட்டை. கரையை நீக்கிவிடுங்கள், கரை நெருக்கமாக நெய்தது, துவைத்தால் வேறு மாதிரி சுருங்கும். அடர், வெளிர், அடர் என்று மூன்று பட்டையைச் சேர்த்தால் ஒரு ஜோடனை, வெளிர், அடர், வெளிர் என்று சேர்த்தால் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு தைத்து, குறுக்கே மூன்றரை இஞ்சாக நறுக்குங்கள். ஒவ்வொரு வகையிலும் 18 துண்டு தேவை. 36 இஞ்ச் அகலத் துணியிலேயே ஒரு ஜோடனைக்கு ஒன்பது வரும், கணக்கு சரியாகிவிடும்.

ரோட்டரி கட்டர் எனும் உருளும் வட்டக் கத்தியும், அதற்கு அடியில் வைக்கும் மேட்டும் இருந்தால் வெட்டுவது விரைவு. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அதைக் கொண்டுவருவதற்கு முன்பு உலகம் முழுக்கக் கத்தரிக்கோலால்தான் குவில்ட் வெட்டினார்கள், ஆகவே இல்லையென்றால் குறையில்லை. நெசவில் ஒரு இழையை உருவி எடுங்கள், அந்த இடத்தில் தெரியும் கோடுதான் உண்மையான நேர். அங்கிருந்து ஸ்கேல் வைத்து அளந்து, கூர்மையான பென்சிலால் கோடு போட்டு வெட்டுங்கள். தையல்காரர் சாக்பீஸ் வேண்டாம், அதன் கோடே தடிமன்.

தடிமனைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தச்சரும் கொத்தனாரும் ஒரு இஞ்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் நம் தையல் ஓரம் இரண்டு நூல். நீங்கள் அரை நூல் அதிகமாகப் பிடித்துத் தைக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு துண்டிலும் அரை அரை போவதால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நூல் குறையும். ஒன்பது சதுரம் உள்ள வரிசையில் எட்டு இணைப்பு, எட்டு நூல், ஆக முழுதாக ஒரு இஞ்ச் காணாமல் போகிறது. ஒரு வரிசையில் ஒரு இஞ்ச், அடுத்ததில் அரை இஞ்ச் என்று போனால் மூலைகள் எப்படிச் சேரும்? பிளவுஸ் தைத்துப் பழகியவர்களுக்குத்தான் இது முதலில் கஷ்டம். பிளவுஸில் பிற்பாடு பிரித்துவிட என்று தாராளமாக ஓரம் விடுவோம், கொஞ்சம் முன்னே பின்னே போனால் போட்டுப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். குவில்ட்டில் பிடித்துக்கொள்ள இடமே இல்லை.

அதனால் நல்ல துணியைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஊசிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றி ஊசி முனையைக் கால் இஞ்ச் கோட்டின் மேல் இறக்குங்கள். ஸ்கேலின் ஓரம் முடியும் இடத்தில், துணியைத் தள்ளும் பற்களுக்கு முன்னால், மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். துணியின் ஓரம் அந்தத் திட்டில் உரசிக்கொண்டே போக வேண்டும். இப்போது வேண்டாத துணியில் ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, சேர்த்துத் தைத்து, அழுத்தி, நடுப் பட்டையை அளங்கள். சரியாக 1 இஞ்ச் இருக்க வேண்டும், மொத்தம் மூன்றரை. நடுப் பட்டை குறைந்தால் டேப்பை ஊசிப் பக்கம் நகர்த்துங்கள். ஸ்கேல்படி சரியாக இருந்தும் குறையும், ஏனென்றால் துணி மடிகிற இடமே ஓர் இழை அளவு விழுங்கிவிடும். ஆகவே கால் இஞ்சுக்கு ஓர் இழை உள்ளடங்கித் தைப்பதே சரியான அளவு. இந்தச் சோதனை சரியாக வரும்வரை மேலே போக வேண்டாம்.

தைத்த ஒவ்வொரு இணைப்பையும் உடனே அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். இழுத்துத் தேய்க்கக் கூடாது, வைத்து எடுத்து வைத்து எடுத்துப் போக வேண்டும். இழுத்தால் பட்டை வில்லாக வளையும். முதலில் தையலை அப்படியே மூடிய நிலையில் அழுத்தி, பிறகு விரித்து, ஓரம் இரண்டையும் அடர் நிறத்தின் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். வெளிர் துணிக்கு அடியில் போனால் நிழல் தெரியும். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. அடர், வெளிர், அடர் ஜோடனையில் ஓரங்கள் வெளிப்பக்கம் சாயும், மற்றதில் உள்பக்கம் சாயும். இரண்டு துண்டையும் முகத்தோடு முகம் வைத்து, இணைப்பு சேரும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து லேசாக உருட்டுங்கள். மேடு ஒன்று இந்தப் பக்கம், மேடு ஒன்று அந்தப் பக்கம், இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சட்டென்று நிற்கும். அந்த நிற்பை விரல் உணர்ந்துவிட்டால் நாலு மூலையும் ஒரே புள்ளியில் சேரும். அங்கே ஒரு குண்டூசி குத்தி, அதன் கிட்ட வந்ததும் எடுத்துவிட்டுத் தையுங்கள்.

மூன்று துண்டு சேர்ந்து ஒரு கட்டம். நடுவில் வெளிர், அடர், வெளிர் வைத்து ஆறு கட்டம், மாற்றி வைத்து ஆறு கட்டம். முதல் வகையில் வரிசை இணைப்புகளை நடுவிலிருந்து வெளியே சாய்த்து அழுத்துங்கள், இரண்டாம் வகையில் நடுவை நோக்கி. அப்போது கட்டத்தோடு கட்டம் சேரும்போதும் அதே பிடிப்பு கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒன்பதரை இஞ்ச் இருக்க வேண்டும். மாற்றி மாற்றி மூன்றுக்கு நாலாக இணைத்தால் இருபத்தேழரைக்கு முப்பத்தாறரை வரும்.

பார்டர் மூன்றரை இஞ்ச் அகலப் பட்டை நான்கு. நீளத்தை ஓரத்தில் அளக்காதீர்கள், ஓரம் இழுபட்டிருக்கும். நடுவில் அளந்து அந்த நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் மையத்திலும் குத்தி, அதற்குள் மேல்துணியை அடக்கித் தையுங்கள். நீளமான பட்டையை வைத்துத் தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் நறுக்கினால் பார்டர் அலை அலையாக நிற்கும்.

மெஷின் இல்லாதவர்களும், இந்த அளவுக் கணக்கு பிடிக்காதவர்களும் ஒட்டுமொத்தமாக வேறு வழியில் போகலாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற கைத்தையல் போர்வையில் மேல்துணி என்று தனியாக ஒன்று கிடையாது. பழைய பருத்திச் சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் ஆரம்பித்து, துண்டுகளின் ஓரத்தை உள்ளே மடித்து வைத்து, ஓட்டுத் தையலால் எல்லா அடுக்கையும் சேர்த்துப் பிடித்தபடி விளிம்பைச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். துண்டு இணைப்பதும் அடுக்கு சேர்ப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடும், ஸ்கேலே வேண்டாம். கையால் தைக்கிறவர்கள் தையல் சிறியதாக வர வேண்டும் என்று தவிக்க வேண்டாம், இடைவெளி ஒரே சீராக வந்தால் போதும். இஞ்சுக்கு ஐந்து தையல் முதல் முயற்சிக்கு நல்ல அளவு.

மெஷின் குவில்ட்டுக்குத் திரும்புவோம். தரையில் அடித்துணியை நல்ல பக்கம் கீழே வைத்து விரித்து, சுருக்கம் இல்லாமல் டேப்பால் ஒட்டுங்கள். விறைப்பாக இழுக்காதீர்கள், டேப்பை எடுத்ததும் சுருங்கி மேல்துணி கொப்புளிக்கும். மேலே பேட்டிங், அதன்மேல் மேல்துணி, நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து வெளியே, நாலு விரல் அகலத்துக்கு ஒரு ஊக்கு. நூறு ஊக்குக்கு மேலேயே ஆகும், இதில் கஞ்சம் பிடித்தால் அடியில் துணி மடிந்து தைபடும்.

தையல் நீளத்தை 3 மில்லிமீட்டருக்கு மேல் வையுங்கள். மெஷினில் மாட்டும் வாக்கிங் ஃபுட் என்ற தனிப் பாதம் கிடைத்தால் போடுங்கள், மேல் துணியையும் கீழ் துணியையும் ஒரே வேகத்தில் நகர்த்தும். கிடைக்காவிட்டால் பாதத்தின் அழுத்தத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டுங்கள். இணைப்புப் பள்ளத்திலேயே தைக்கப் பார்க்காதீர்கள், ஊசி சற்று ஏறி இறங்கினால் பளிச்சென்று தெரியும். பள்ளத்திலிருந்து பாதத்தின் அரை அகலம் தள்ளி, இரு பக்கமும் ஒவ்வொரு கோடு. நடுக் கோட்டை முதலில் தைத்து, பிறகு வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் பாபினைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராததுதான் காரணம். பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி நூலைக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

விளிம்புப் பட்டி இரண்டரை இஞ்ச் அகலம். நாலு பட்டை மட்டுமட்டாக வரும், ஐந்து வெட்டுங்கள். முனைகளை மூலைவாட்டில் இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்து, மிச்சத் துணியையும் பேட்டிங்கையும் நறுக்கிய குவில்ட்டின் முன்பக்கத்தில் கால் இஞ்சில் தையுங்கள். மூலைக்குக் கால் இஞ்ச் இருக்கும்போது நிறுத்தி, கெட்டித்தையல் போட்டு, நூலை வெட்டி, அடுத்த பக்கம் தைக்க வாகாகக் குவில்ட்டைத் திருப்புங்கள். பட்டியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாக நேர் மேலே மடித்தால் மூலையில் 45 டிகிரி மடிப்பு விழும். அந்த மடிப்பை விரலால் பிடித்துக்கொண்டு பட்டியைக் கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு குவில்ட்டின் மேல் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். அங்கிருந்து அடுத்த பக்கம் தையல் ஆரம்பம். நிறுத்தாமல் விளிம்பு வரை தைத்துவிட்டால் பட்டி திரும்பாது, மூலை உருண்டு போகும். அப்படி ஆனால் இரண்டு இஞ்ச் பிரித்துவிட்டு மறுபடி தையுங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, முன்தையல் கோடு மறையும்படி கையால் ஹெம்மிங்.

முதல் சலவை குளிர்ந்த நீரில், தனியாக, நிழலில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் மடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் தையல் இழுபடும். காய்ந்ததும் பருத்தி லேசாகச் சுருங்கி, ஒவ்வொரு தையல் கோட்டின் இருபுறமும் மெல்லிய நெளிவு விழும். அதை அயர்ன் பண்ணி எடுத்துவிடாதீர்கள்.