பதில்: சிங்களம் தெரியாமல் பொலிஸில் சேரலாமா?

தம்பி, சாதாரண தரம் முடித்து இருபது வயதாகிறது, சிங்களம் தெரியாது, கொன்ஸ்டபிள் வேலைக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். உங்கள் மொழிதான் உங்கள் பலம். 1987இல் வந்த இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் வடக்குப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாடு எழுத ஆள் தேடுகிற நிலை இன்னும் முழுதாக மாறவில்லை.

வயது, உயரம், மார்பளவு, பாடத் தகுதி எல்லாம் அரசாங்க அறிவிப்பு இதழான வர்த்தமானியில் வரும். சந்திக் கடையில் கேட்டதை நம்பாமல் அதை வாசியுங்கள். உயரத்தை வெறுங்காலோடு அளந்து பாருங்கள். சப்பாத்து போட்டு அளந்து ஏமாந்தவர்கள் நிறைய. விடியற்காலையில் யாழ்ப்பாணத்துத் துரையப்பா மைதானப் பக்கம் ஓடிப் பழகுங்கள்.

சேர்ந்ததும் துப்பறியலாம் என்று நினைக்காதீர்கள். நான் சேர்ந்த புதிதில் பாதி நாள் பேனையோடுதான் போனது. மாடு காணாமல் போனவர், வேலிச் சண்டைக்காரர், கோபத்தில் வந்த மாமியார்... எல்லாரும் சொல்வதை நேரம், திகதியோடு அப்படியே எழுத வேண்டும். ஒருமுறை நேரத்தைப் பிழையாக எழுதிவிட்டு நீதிமன்றத்தில் சட்டத்தரணியிடம் நான் பட்ட பாடு! அதைவிட்டால் காவல், வீதிக் கடமை, அழைப்பாணை கொடுப்பது.

சரி, சிங்களத்துக்கு வருவோம். மேலதிகாரியோடு பேச அது வேண்டும், பதவி உயர்வுக்கும் உதவும். வர்த்தமானி வரும்வரை காத்திராமல் இன்றைக்கே எழுத்தைப் பழகத் தொடங்குங்கள். வீட்டில் அம்மா சம்மதித்துவிட்டாரா? எங்கள் பக்கம் அதுதான் பெரிய சோதனை.