இல்லாதவன்தான் திருடுவானா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலை ஒட்டிக் குடிசைப் பகுதி இருக்கிறது. போன வாரம் கீழே நிறுத்தியிருந்த இரண்டு சைக்கிள்கள் காணாமல் போய்விட்டன. அங்கிருந்து வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பையைச் சோதித்துத்தான் வெளியே விட வேண்டும் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். அந்தப் பகுதிப் பையன்களோடு மகன் பந்து விளையாடக் கூடாது என்கிறார் கணவர். "இல்லாதவன்தானே திருடுவான்?" என்கிறார். அது சரியா?

பதில்: இல்லாதவர்களெல்லாம் திருடுவார்கள் என்றால் உங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சியிருக்காது, சகோதரி. பீரோ சாவி எங்கே இருக்கிறதென்று உங்கள் கணவரைவிட வேலைக்கு வரும் பெண்ணுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆனால் அவர் பேச்சை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. ஏழ்மை மண்டிய நகரப் பகுதிகளில் வழிப்பறியும் அடிதடியும் கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டதுதான். அதில் பறிகொடுப்பவர்களும் பெரும்பாலும் அங்கேயே வசிப்பவர்கள். சங்கக் கூட்டத்தில் இதை யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

காசில்லாதது மட்டுமே காரணமென்றால் கணக்கு உதைக்கிறது. பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியின்போது, 1933-ல், அமெரிக்காவில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலையில்லை. அடுத்து வந்த ஆண்டுகளிலும் வேலையின்மை கடுமையாகவே இருந்தது. கொலைகளோ குறைந்துகொண்டு வந்தன.

சிகாகோவில் க்ளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற சமூகவியல் ஆய்வாளர்கள் இருவர் சிறார் குற்றப் பதிவுகளைப் பகுதிவாரியாக வரைபடத்தில் குறித்துப் பார்த்து, 1942-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு நாட்டிலிருந்து வந்தவர்கள் காலி செய்துபோக, இன்னொரு நாட்டவர் வந்து குடியேறினார்கள். குற்றம் மட்டும் அதே பகுதிகளில் தங்கிவிட்டது. காலி செய்து போனவர்களின் பின்னால் அது போகவில்லை. யார் பிள்ளை யாரென்றே தெரியாத தெரு, அடிக்கடி வீடு மாறும் குடும்பங்கள், படிப்பை விட்டுவிட்டு முனையில் நிற்கும் பையன். அவனுக்கு முதலில் வேலை தருகிறவர் யார் என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம்.

அதே ஊரில் 2012 கோடையில், வன்முறை மிகுந்த வட்டாரப் பள்ளி மாணவர்களுக்குக் குலுக்கல் முறையில் 8 வாரப் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். வேலை கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றங்களுக்காக இவர்கள் கைதானது 43 சதவீதம் குறைவு. அதிலும் பெரும்பகுதி, வேலை முடிந்து சம்பளம் நின்ற பிறகு ஏற்பட்ட குறைவு!

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சின்னத் தப்பு ஒன்றில் உங்கள் மகன் சிக்கினால் வக்கீல், ஜாமீன் எல்லாம் அன்றைக்கே ஏற்பாடாகிவிடும். அதே தப்பில் சிக்கும் குடிசைப் பகுதிப் பையனுக்கு ஜாமீன் கொடுக்க ஆள் கிடைக்காது. உள்ளே இருக்கும் நாட்களில் பார்த்துக்கொண்டிருந்த வேலையும் போகும். வெளியே வந்தால் 'திருடன்' என்ற பேர்தான் மிச்சம். அப்புறம் அவனைக் கூப்பிட்டுப் பேசுபவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்?

மகனை விளையாட விடுங்கள். யாரோடு, எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், போதும். சைக்கிளுக்குப் போலீசில் புகார் கொடுத்துவிட்டு, நிறுத்துமிடத்தில் நல்ல விளக்கு போடச் சொல்லுங்கள். பையைச் சோதித்தே தீருவோம் என்றால், சங்கச் செயலாளர் பையில் தொடங்கி எல்லோர் பையையும் சோதிக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். எத்தனை ஓட்டு விழுந்ததென்று எனக்கும் எழுதுங்கள்.