மின்சார வீல்சேரின் லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுமதிப்பார்களா?

அப்பாவுக்கு மடக்கும் வகை மின்சார வீல்சேர் வாங்கியிருக்கிறீர்கள், லித்தியம் பேட்டரி, அவரை முதன்முறையாக விமானத்தில் அழைத்துப் போகிறீர்கள், விமான நிலையத்தில் பேட்டரியைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்களோ என்று பயப்படுகிறீர்கள். அனுமதி உண்டு. ஆனால் விதியை நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நான் குழந்தைப் பருவத்தில் போலியோ வந்து நடக்க இயலாமல் போனவள். எனக்கும் இதே மடக்கு வகை நாற்காலிதான். அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். வாட்-ஹவர் என்று ஓர் எண் இருக்கும், பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்பதன் அளவு அது. இல்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்கள். 24 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 240 வாட்-ஹவர். மடக்கும் நாற்காலியில் பேட்டரியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றியதைக் கையோடு, பயணிகள் உட்காரும் கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகும் ஒரு பேட்டரி 300 வாட்-ஹவர் வரை இருக்கலாம். நாற்காலி இரண்டு பேட்டரியில் ஓடுவது என்றால் ஒவ்வொன்றும் 160-ஐத் தாண்டக் கூடாது. பேட்டரி நாற்காலியின் உடலுக்குள்ளேயே உறுதியாகப் பொருத்தப்பட்டு, நன்றாக மூடிப் பாதுகாக்கப்பட்டிருக்கும் பெரிய நாற்காலிகளுக்கு வேறு விதி. அவற்றில் பேட்டரியைக் கழற்றாமல், விமானத்தில் சரக்கு வைக்கும் கீழ்த்தளத்தில் ஏற்றுவார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பவர் பேங்க், லேப்டாப் பேட்டரி போன்றவற்றுக்கு உள்ள விதி வேறு. அவை 100 வாட்-ஹவர் வரை கேள்வியில்லாமல் போகும். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதற்கு மேல் கிடையாது. பணியாளர்களுக்கு இந்த 160 மனப்பாடமாக இருக்கிறது. நடமாட்டத்துக்கு உதவும் சாதனங்களுக்குத் தனிச் சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எனக்கு நடந்தது இதுதான். தில்லியில் உறவினர் வீட்டுத் திருமணம். தம்பியோடு சென்னை விமான நிலையத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்க்காமல் தம்பியிடம், “இது டிரை பேட்டரிதானே, கழற்றிப் பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போட்டுவிடுங்கள்” என்றார். செய்யவே கூடாத காரியம் அதுதான். தனியாகக் கழற்றிய லித்தியம் பேட்டரி எதுவும் கீழ்த்தளத்துக்குப் போகக் கூடாது. டிரை (அமிலம் சிந்தாதது), வெட் (சிந்தக்கூடியது) என்ற கேள்வியெல்லாம் ஈய-அமில பேட்டரி காலத்தில் பிறந்தது. லித்தியத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நான் மறுத்ததும் மேற்பார்வையாளர் வந்தார். லேபிளைப் பார்த்தார். 240, எனவே அனுமதியில்லை, பேட்டரியை இங்கேயே விட்டுவிட்டு நாற்காலியை மட்டும் ஏற்றுங்கள் என்றார். இதையும் தம்பியிடம்தான் சொன்னார்.

பேட்டரி இல்லாத நாற்காலியை வைத்துக்கொண்டு நான் தில்லியில் என்ன செய்வது? என் கால்களைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னது போலத்தான் அது.

என் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, டிக்கெட் எடுத்தவுடன் அந்த நிறுவனத்துக்கு நாற்காலியின் எடை, அளவு, பேட்டரியின் வாட்-ஹவர், லேபிளின் படம் எல்லாவற்றையும் அனுப்பி வாங்கிய ஒப்புதல் மின்னஞ்சல். இன்னொன்று, அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே இருந்த 300 வாட்-ஹவர் விதியின் அச்சுப்படி. குரலை உயர்த்தாமல் இரண்டையும் நீட்டி, படித்துவிட்டு என்னிடம் பேசுங்கள் என்றேன். பணி மேலாளர் வந்தார், படித்தார், யாருக்கோ தொலைபேசியில் பேசினார். கேபினில் பேட்டரி இருக்கும் இடத்தை விமானிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதிதான். அதையும் நானே நினைவுபடுத்தினேன். விமானத்தில் ஏறினேன், பேட்டரியோடு. அன்று பின்வாங்காமல் நின்றதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

விதியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010 செப்டம்பரில் துபாயில் லித்தியம் பேட்டரிகளை ஏற்றிச் சென்ற யு.பி.எஸ். என்ற கூரியர் நிறுவனத்தின் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள். பேட்டரிக்குள் இருக்கும் ஒரு செல் (சிறு மின்கலம்) சூடேறி அடுத்த செல்லைப் பற்றவைத்துக்கொண்டே போகும். கீழ்த்தளத்தில் உள்ள தீயணைப்பு வாயு சுடரை அடக்கினாலும் அந்தச் சூட்டைத் தணிக்காது. கேபினில் என்றால் புகை வந்ததுமே கண்ணில் படும், பணியாளர்கள் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். அதனால்தான் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே எரிந்ததே, அதில் தீ தொடங்கியது தலைக்கு மேலுள்ள பெட்டிப் பகுதியில். பவர் பேங்க் மீதுதான் சந்தேகம் விழுந்தது. அதன்பின் அந்த நாட்டில் பவர் பேங்கை மேல் பெட்டியில் வைக்கவே தடை. ஆகவே உங்கள் பேட்டரியையும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். பேட்டரியின் மின்முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனி உறையில் போடுங்கள். உப்பியிருந்தாலோ அடிபட்டிருந்தாலோ கொண்டுபோகவே கூடாது. அப்பாவிடம் பவர் பேங்க் இருந்தால் அதுவும் கைப்பையில்தான். 20,000 மில்லி ஆம்பியர்-ஹவர் என்பது சுமார் 74 வாட்-ஹவர், பிரச்சினையில்லை. கடைசி நேரத்தில் கைப்பையை வாங்கிக் கீழே அனுப்புகிறார்கள் என்றால், அதிலுள்ள பேட்டரியையும் பவர் பேங்கையும் எடுத்துக்கொண்ட பிறகே பையைக் கொடுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு ரயிலில் போகலாமே என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதுகிறவர்கள் ஒருமுறை மாற்றுத்திறனாளிகள் பெட்டி எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்க்கட்டும். ரயிலின் ஒரு கோடியில், பெரும்பாலும் நடைமேடையின் கூரை முடிந்த பிறகு. மழையில் அங்கே போய்ச் சேர்ந்தால், பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்ட நான்கு பேர் தூக்க வேண்டும். உள்ளே எங்கள் இருக்கையில் வேறு யாரோ படுத்திருப்பார்கள், எழுப்பினால் நம்மைத்தான் முறைப்பார்கள். எத்தனை மனு எழுதியிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்திய விமானங்களில் மாற்றுத்திறனாளி என்பதற்காக ஏற்ற மறுக்கக் கூடாது. 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. விதியைத் திருத்தி, பயணத்தில் உடல்நிலை மோசமாகும் என்று நிறுவனம் கருதினால் மருத்துவரை நேரில் பரிசோதிக்கச் சொல்லி, அவர் கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இதையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவால் பேச முடியும் என்றால் கவுண்டரில் அவரே பேசட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

நாற்காலியை ஒப்படைக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். நாற்காலியை ஓட்டும் கைப்பிடியான ஜாய்ஸ்டிக் கழறும் வகை என்றால் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் உடைவது அதுதான். திரும்பி வரும் விமானம் வேறு நிறுவனத்தினுடையது என்றால் அவர்களிடமும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும்; போகும்போது கிடைத்த கடிதத்தை அங்கே காட்டினால் ஏற்க மாட்டார்கள்.