மகன் முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துப் படிக்கிறான்

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 2 படிக்கிறான். காதால் கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தை நீட்டினால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறான்; ‘ஹார்ஸ்’ அவனுக்கு ‘ஹவுஸ்’ ஆகிவிடுகிறது. போன ஆண்டிலிருந்தே எல்எஸ்பி எனும், ஆங்கில வாசிப்புக்கான உதவி வகுப்புக்குப் போகிறான். டிஸ்லெக்சியாவா (வாசிக்கவும் எழுத்துக்கூட்டவும் சிரமப்படும் கற்றல் குறைபாடு) என்று மதிப்பீடு செய்து பார்க்கலாம் என்கிறார் ஆசிரியை. “பேர் வைத்துவிட்டால் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள்” என்று கணவர் தடுக்கிறார். “சோம்பேறித்தனம், இவன் அப்பனும் இப்படித்தான்” என்கிறார் மாமியார். வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: மதிப்பீட்டுக்குச் சம்மதம் சொல்லிவிடுங்கள், சகோதரி. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், ஆசிரியை சரியான நேரத்தில் கேட்டிருக்கிறார். தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்கென்று பள்ளியிலேயே டிஸ்லெக்சியா ஆதரவு வகுப்பு உண்டு. 2012இல் சில பள்ளிகளில் ஆரம்பித்தது, இப்போது எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் நடக்கிறது. சின்னக் குழுவாக உட்காரவைத்து, எந்த எழுத்துக்கு எந்த ஓசை என்பதை அடியிலிருந்து சொல்லிக்கொடுப்பார்கள். அதற்கான பிள்ளைகளைத் தொடக்கநிலை 2 முடியும் தறுவாயில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த ஆண்டைத் தவறவிடாதீர்கள்.

கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டிஸ்லெக்சியா மட்டும் உள்ள பிள்ளையைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. அவை இன்னும் தீவிர உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கானவை. உங்கள் மகன் அதே பள்ளியில், அதே நண்பர்களோடுதான் படிப்பான். மதிப்பீட்டு அறிக்கை கையில் இருந்தால்தான் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி அவனுக்காக விண்ணப்பிக்க முடியும். இதைக் கணவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மாமியார் சொன்னதில் முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. அப்பாவுக்கும் படிக்கக் கஷ்டமாக இருந்தது என்றால் மதிப்பீடு செய்யும் உளவியலாளரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அவரையும் சோம்பேறி என்றுதான் திட்டியிருப்பார்கள். மகன் விஷயத்தில் அவர் தயங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பள்ளிக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.

இனி தமிழ். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை, ஒன்றை விட்டால் அது போவதும் இல்லை. கதையைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்கிறானே, அந்தத் திறமை உங்களோடும் பாட்டியோடும் பேசிப் பேசித்தான் வளர்ந்திருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு என்ன கொடுக்கப்போகிறோம்? வாசிப்பிலும் தமிழ் அவனுக்குக் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆங்கிலத்தில் ‘த்ரூ’ (through), ‘டஃப்’ (tough) இரண்டும் ஒரே நான்கு எழுத்தில்தான் முடிகின்றன, ஓசையோ வேறு வேறு. தமிழில் எழுத்துக்கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். ண, ன, ந வரும் இடங்களில் தடுமாறுவான்; அதற்குத் திட்ட வேண்டாம், மெதுவாகப் படிக்க விடுங்கள். தாய்மொழிப் பாட விலக்குப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இப்போதே முடிவு செய்யாதீர்கள். தொடக்கநிலை 5இல் அடிப்படைத் தமிழ் என்ற எளிய நிலைப் பாடத்தை எடுக்கும் வழி இருக்கிறது. விலக்கைக் கடைசியில் யோசிக்கலாம்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தனியார் மதிப்பீட்டுக்குக் கட்டணம் அதிகம். முதலில் பள்ளி வழியாகவே செய்ய முடியுமா என்று கேளுங்கள். பள்ளிக்கு வெளியே, 1991இல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கமும் வகுப்புகள் நடத்துகிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணத்தில் உதவி கிடைக்கும்.

அப்புறம், பள்ளியில் சிறப்புத் தேவைக்கென்றே ஓர் அதிகாரி இருப்பார். வகுப்பாசிரியையோடு அவரும் இருக்கும்படி சந்திப்புக் கேளுங்கள். மகனின் ஸ்பெல்லிங் நோட்டை எடுத்துப் போங்கள். அவன் அழித்து அழித்து எழுதிய பக்கங்களைக் கிழிக்க வேண்டாம், அவர்கள் பார்க்க வேண்டியதே அவற்றைத்தான். எழுந்து வருவதற்கு முன், மதிப்பீடு எந்த மாதம், அதுவரை வகுப்பில் என்ன உதவி, யாரைத் தொடர்புகொள்வது என்று மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவே அதை ஆசிரியைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.