கேபிள் நெட் நடத்துகிறவர்களின் கரண்ட் பில்: மும்பை ஆட்களின் கேள்விகளும் பதில்களும்

தாராவி: அண்ணா, ராத்திரி 2 மணிக்கு யாருமே பார்ப்பதில்லை, அப்போதும் மீட்டர் ஏன் அப்படியே ஓடுகிறது?

பதில்: ஒருத்தர் பார்த்தாலும் ஐந்நூறு பேர் பார்த்தாலும் சிக்னலைக் கூட்டிவிடும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஏறக்குறைய ஒரே கரண்டைத்தான் இழுக்கும், தம்பி. 100 வாட் நிற்காமல் ஓடினால் வருஷத்துக்கு 876 யூனிட். யூனிட் 12 ரூபாய் என்றால் 10,512 ரூபாய்.

சயான் கோலிவாடா: பாதி வீடுகளை ஃபைபருக்கு மாற்றிவிட்டேன், ஆனால் பில் கூடித்தான் போச்சு.

பதில்: நானும் இதே தவறைச் செய்தவன். ஃபைபரில் சிக்னல் அனுப்பும் ஓஎல்டி பெட்டி புதிதாக ஏறியது, பழைய கோஆக்ஸ் (உலோகக் கேபிள்) லைன் இறங்கவில்லை. பத்தே வீடு மிச்சமிருந்தாலும் ஃபைபர் சிக்னலைக் கேபிளுக்கு மாற்றும் நோடு, ஆம்ப், இவற்றுக்குக் கேபிள் வழியே கரண்ட் கொடுக்கும் 60 வோல்ட் சப்ளைப் பெட்டி எல்லாம் ஓடியாக வேண்டும், அதிலும் சப்ளையில் இருக்கும் ஃபெர்ரோ ட்ரான்ஸ்ஃபார்மர் நல்ல லோடு இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும், லோடு குறையக் குறைய இழுக்கும் கரண்டில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். ஒரு சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) எங்கள் சப்ளையில் இரண்டே ஆம்ப்தான் மிச்சம், ஆனாலும் பெட்டித் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. அந்த இரண்டையும் பக்கத்துச் சப்ளைக்கு மாற்றி, கடைசி ஆம்பில் வோல்டேஜ் போதுமா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டியைக் கழற்றினோம். ஃபைபரை வீடுகளுக்குப் பிரித்துவிடும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம், சரி, ஆனால் பழைய லைனை அணைத்தால்தான் அந்த லாபம் கைக்கு வரும். வீடு வீடாக மாற்றாதீர்கள், சந்து சந்தாக மாற்றுங்கள்.

செம்பூர்: 60 வோல்ட்டை 90 ஆக்கினால் மிச்சமாகுமா?

பதில்: ஆகும். அதே வாட்டுக்குக் கரண்ட் மூன்றில் இரண்டாகும், கேபிளில் சூடாகப் போவது பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் லைனில் உள்ள ஒவ்வொரு ஆம்பும், வீடுகளுக்குச் சிக்னல் பிரிக்கும் டேப்பும் 90 வோல்ட் தாங்குமா என்று முதலில் பாருங்கள், பழசு என்றால் புகைந்துவிடும்.

முலுண்ட்: கண்ட்ரோல் ரூம் ஏசி 18-இல் ஓடுகிறது, ஏற்றலாமா?

பதில்: தாராளமாக 25 வையுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பிஇஇ சொல்லும் கணக்கு. அதற்கு முன் ஓஎல்டி ஃபேனில் படிந்த தூசியைத் துடைத்துவிடுங்கள். பேட்டரி பக்கத்தில் வெக்கை தேங்கவும் விடாதீர்கள், சீக்கிரம் செத்துப்போகும்.

சயான் கோலிவாடா: அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி ஒரு சந்து முழுவதையும் ஃபைபருக்கு மாற்ற எடுத்தேன். நாலு வீட்டில் நெட் வேண்டாம், டிவி போதும் என்கிறார்கள்.

பதில்: டிவியையும் அதே ஃபைபரில் 1550 நானோமீட்டர் ஒளியில் அனுப்பலாம், டிவி கேபிள் சொருகும் ஆர்எஃப் போர்ட் உள்ள ஓஎன்யு (வீட்டில் வைக்கும் ஃபைபர் பெட்டி) வைத்தால் அவர்களுடைய பழைய செட்டாப் பாக்ஸே ஓடும். அந்த ஓஎன்யு அவர்கள் வீட்டுக் கரண்டில்தான் ஓடும் என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். நாலு பெட்டியையும் உங்கள் செலவிலேயே வையுங்கள், வைத்த அன்றே அந்தச் சந்தின் சப்ளையை அணைத்துவிடுங்கள்.